இரவுக்குறியும் நுழைவுச்சீட்டும்

இரவு எல்லோருக்கும் பொதுவானது, சூரியன் போனால் தானாக வந்துவிடுவது என்று நம்புகிறவர்கள் கம்பம் பள்ளத்தாக்கின் நூறு வருஷத்துக் கதையை ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும். இங்கே இரவு சட்டத்தால் பங்கு போடப்பட்ட நிலம் மாதிரி. யார் நடந்தால் காவல், யார் நடந்தால் களவு, யார் நடந்தால் சுற்றுலா, யார் நடக்கவே கூடாது, படுத்துத்தான் கிடக்க வேண்டும் என்பதெல்லாம் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அந்த எழுத்தை வாசிக்க நான் எடுத்துக்கொண்ட பிரதி கவிதையோ நாவலோ அல்ல. தேக்கடியில், பெரியார் புலிகள் காப்பகத்தில், வழிகாட்டிகளை வைத்து நடத்தப்பட்டுவந்த இரவு நடை. ஜங்கிள் ஸ்கவுட் என்று பெயர். ஒரு நடையைப் போய் விமர்சனம் செய்வதா என்று தோழர்கள் கேட்கலாம். பாத்திரங்கள் உண்டு, களம் உண்டு, பொழுது உண்டு, கதைசொல்லியும் உண்டு. கேட்பவர் காசு கொடுத்திருக்கிறார் என்பது ஒன்றுதான் கூடுதல். அதுவும் நாவலுக்கு இல்லாத விஷயமா என்ன?

முதலில் பொழுது. அந்த நடை மூன்று மூன்று மணி நேரமாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஏழு மணிக்கு ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, ஒரு மணிக்கு ஒன்று. கடைசிக் குழு திரும்பும்போது விடிகாலை நாலு. ஏழரை நாழிகை ஒரு ஜாமம் என்று நம் பாட்டிமார் வைத்திருந்த கணக்கும் அதுதான். நிர்வாகத்துக்கு ஜாமக்கணக்கு தெரிந்திருக்க நியாயமில்லை, ரோந்து முறையை அப்படியே டிக்கெட்டுக்கு மாற்றியிருப்பார்கள். ஆனாலும் தமிழ் எம்.ஏ. படித்துவிட்ட பாவத்துக்கு என்னால் இதைச் சும்மா கடந்துபோக முடியவில்லை. தொல்காப்பியம் குறிஞ்சிக்கு வகுத்த சிறுபொழுது யாமம். புணர்ச்சியும் மலையும் நள்ளிரவும் ஒன்றாகக் கட்டப்பட்ட திணை அது. அங்கே இரவில் நடப்பதற்கு ஒரு முழு இலக்கணமே இருக்கிறது. தலைவன் இரவுக்குறிக்கு வருகிறான். வருகிற வழியில் யானை உண்டு, புலி உண்டு, பாம்பு உண்டு, காட்டாறு உண்டு. தோழி அந்த வழியின் பயங்கரத்தை வரிசையாகச் சொல்லி, இப்படி வராதே, கல்யாணம் செய்துகொள் என்கிறாள். ஆபத்தைப் பட்டியல் போடுவது அங்கே வர்ணனை இல்லை, பேரம். ஒரு பெண்ணின் வாழ்க்கை அந்தப் பேரத்தில் இருக்கிறது.

தேக்கடி நடையிலும் தொடங்குமுன் ஆபத்தைப் பட்டியல் போடுவார்கள். யானை வரலாம், பேசாதீர்கள், ஓடாதீர்கள், அட்டை கடிக்கும், இந்தக் காலுறையை மாட்டுங்கள். கூடவே துப்பாக்கியோடு ஒரு வனக்காவலர். இங்கே பட்டியல் பேரம் இல்லை, விற்பனை. பயம்தான் சரக்கு. அளவோடு, பாதுகாப்போடு, மூணு மணி நேரத்துக்குக் கட்டிக் கொடுக்கிறார்கள். இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. வழியின் அச்சம் யாருடைய உயிர்ப்பிரச்சினையாக இருந்தது, யாருடைய பொழுதுபோக்காக ஆனது என்பதுதான் என் கேள்வி.

அந்தக் கேள்விக்கு வரலாறு வேண்டும். 1886இல் திருவிதாங்கூரோடு போட்ட 999 வருஷக் குத்தகையில் எழுந்த அணை 1895இல் முடிந்தது. அந்த ஏரியைத்தான் சுற்றுலாப் பயணிகள் காட்டு ஏரி என்று படம் எடுக்கிறார்கள். எங்களூர் நெல்லுக்குப் போகிற தண்ணீர் அது. 1934இல் திருவிதாங்கூர் அரசு அந்த ஏரியைச் சுற்றி நெல்லிக்காம்பட்டி வேட்டை விலங்குச் சரணாலயத்தை அறிவித்தது. 1950இல் அது விரிந்து பெரியார் சரணாலயமானது. 1978இல் புலிகள் காப்பகம். காட்டுக்குள் இருந்த மன்னான், பளியர் குடிகள் கட்டம் கட்டமாகக் குமுளி ஓரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இதெல்லாம் சுற்றுலாக் கையேட்டிலேயே இருக்கும். கையேட்டில் இல்லாதது மலைக்குக் கீழே நடந்தது.

கீழே, அதே காலத்தில், இரவே குற்றமாக்கப்பட்டிருந்தது. 1911ஆம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டம் பிரமலைக் கள்ளர்மேல் பாய்ந்தபோது, ஆண்கள் கைரேகை வைக்க வேண்டும், இரவானால் காவல் நிலையத்திலோ சாவடியிலோ வந்து படுக்க வேண்டும், வெளியூர் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்றானது. ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச்சூடு நடந்தது. சட்டம் 1947இல்தான் சென்னை மாகாணத்தில் ஒழிந்தது. இங்கே கவனிக்க வேண்டியது, அந்தச் சட்டம் இன்ன செயல் குற்றம் என்று சொல்வதோடு நிற்கவில்லை. இன்னார் இன்ன பொழுதில் கண்விழித்திருப்பதே குற்றம் என்றது. இங்கிலாந்தில் 1723இல் வந்த கறுப்புச் சட்டத்தைப் பற்றி ஈ.பி. தாம்ப்ஸன் 1975இல் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். முகத்தில் கரி பூசிக்கொண்டு ஆயுதத்தோடு ராஜாவின் வேட்டைக்காட்டில் தென்பட்டாலே தூக்கு என்றது அந்தச் சட்டம். மானைக் கொன்றானா இல்லையா என்பது அப்புறம். இருட்டோடு இருட்டாக இருந்தான் என்பதே போதும். காட்டின் மேலான சொத்துரிமை இரவின் மேலான சொத்துரிமையாகத்தான் எங்கேயும் வருகிறது.

இன்னொன்றும் உண்டு. இந்த வட்டாரத்தில் களவும் காவலும் ஒரே கையில் இருந்தவை. ஊர்க்காவலுக்குக் கூலி, காவலை மீறிக் களவு போனால் துப்புக்கூலி என்று அது ஒரு பொருளாதாரமாகவே நடந்தது. இரவை அறிந்தவனிடமே இரவை ஒப்படைப்பது என்பது அதன் தர்க்கம். காலனி அரசு அந்தத் தர்க்கத்தை உடைத்தது. ஒரு கையில் ரேகைச் சட்டம், இன்னொரு கையில் கள்ளர் சீரமைப்பு: பள்ளிக்கூடம், கூட்டுறவுச் சங்கம், தொழில் பயிற்சி. என்னோடு படித்தவர்களில் பலர் சீரமைப்புப் பள்ளிகளிலிருந்து வந்தவர்கள். பள்ளிக்கூடம் நல்லதுதான், அதைப் பற்றிச் சண்டையில்லை. பெயரில்தான் சண்டை. படிக்க வந்த பிள்ளையின் சான்றிதழிலேயே, நீ சீர் குலைந்த இடத்திலிருந்து வருகிறாய் என்று எழுதிக் கொடுத்துவிடுகிற பெயர் அது.

இப்போது மறுபடி மலைக்கு ஏறலாம். 1996 முதல் 2004 வரை உலக வங்கிப் பணத்தில் இந்தியா முழுக்க ஏழு இடங்களில் சூழல் மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. பெரியார் அதில் ஒன்று. காட்டோரத்து ஜனங்களைக் குழுக்களாகக் கட்டி, காட்டைச் சுரண்டாமல் காட்டால் பிழைக்க வைப்பது நோக்கம். காட்டுக்குள் புகுந்து வயணா மரத்தின் பட்டையை உரித்துக் கடத்தியவர்கள் தொண்ணூறுகளின் கடைசியில் வனத்துறையோடு உடன்பாட்டுக்கு வந்தார்கள். முன்னாள் வயணாப் பட்டை சேகரிப்போர் குழு என்றே அதற்குப் பெயர் வைக்கப்பட்டது. 'முன்னாள்' என்கிற அடைமொழியைக் குழுவின் பெயரிலேயே பதித்துவிட்டார்கள். பிற்பாடு வந்த இன்னொரு முன்னாள் வேட்டைக்காரர் சங்கத்துக்கு 'விடியல்' என்று பெயர். பெயரில் ஒரு முழுக் கதையாடலே இருக்கிறது: முன்பு இருந்தது இருட்டு, அரசு வந்தது, விடிந்தது. வினோதம் என்னவென்றால், இந்த ஆட்களிடம் விற்கத் தகுந்ததாக இருந்ததே அவர்களுடைய இருட்டுதான். அவர்கள் விடிந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டே இரவைக் காட்டிச் சம்பாதிக்க வேண்டியிருந்தது.

உடனே ஒரு நண்பர் சீறுவார்: அப்படியானால் கடத்தல் சரியா, தேவாங்கைப் பிடித்து மாந்திரீகக்காரனுக்கு விற்றது சரியா? சரியில்லை. ஆனால் பட்டைச் சுமையைத் தலையில் வைத்து இரவோடு இரவாக மலையிறக்கியவருக்குக் கிடைத்தது சுமைகூலி. மரம் பட்டுப்போனதில் வந்த லாபம் அவர் வீட்டுக்குப் போகவில்லை. வழக்கு மட்டும் அவர் பேரில் விழுந்தது. அந்த வழக்குகளிலிருந்து மீண்டு, வருமானத்தைச் சங்கமாகப் பகிர்ந்துகொண்டு, அதே காட்டில் ரோந்தும் போனார்கள் என்பது சின்ன விஷயமில்லை. நம் நாட்டில் காட்டையும் மனிதரையும் பற்றிய திட்டங்களில் இதைவிட மோசமானவைதான் அதிகம். பெரியாரின் இந்த மாதிரியைக் குறை சொல்லுமுன் இதைச் சொல்லிவிட வேண்டும்.

நானும் போனேன். கொரோனாவுக்கு முந்தைய ஒரு டிசம்பரில், பத்து மணி ஜாமத்துக்கு. எங்களைக் கூட்டிப்போனவர் ஐம்பது தாண்டியவர். முதலில் எல்லோரையும் போல எனக்கும் 'சார்' போட்டார். ஊர் எது என்று கேட்டு, கம்பம் என்றதும் 'தம்பி' ஆகிவிட்டேன். கூட வந்த ஒரு குடும்பம் கேட்டது: நீங்கள் எத்தனை மிருகத்தைக் கொன்றிருப்பீர்கள்? அவர் சிரித்துக்கொண்டே ஒரு கதையைச் சொன்னார். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்று கணக்காக இருந்தது. எத்தனையாவது முறையோ. பாவமன்னிப்பு, ஆனால் கேட்பவர் பாதிரியார் இல்லை, வாடிக்கையாளர். ஃபூக்கோ, ஒப்புதல் வாக்குமூலம் என்பது அதிகாரம் தன் எதிரில் நிற்பவனை உருவாக்கிக்கொள்கிற முறை என்கிறார். அது பாரீஸ் விஷயம் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் தேக்கடிக்கு வந்திருக்கலாம்.

குடும்பம் பின்தங்கிய சமயம் நான் மெல்லக் கேட்டேன்.

"என்னண்ணே தெரியுது அங்கிட்டு?"

"தெரியாது தம்பி. கேக்கும். சும்மா நில்லுங்க."

நின்றேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது. இலை மேல் நடக்கிற சத்தத்தில் மிளா எது, காட்டுமாடு எது என்று அவருக்கு வேறுபாடு இருந்தது. காட்டுமாடு மூச்சு விடுகிறதே, அதற்கும் அது நம்மை மோந்துவிட்டு விடுகிற மூச்சுக்கும் வேறுபாடு இருந்தது. பாதையில் உட்காருகிற பக்கி சட்டென்று எழும்பினால் எதனால் எழும்பும், சும்மா எதனால் எழும்பும் என்று சொன்னார். இதையெல்லாம் எங்கே படித்தீர்கள் என்று கேட்கிற மடத்தனத்தை நான் செய்யவில்லை. ஆனால் அவர் அதற்கு வைத்திருந்த சொல் என்ன தெரியுமா? பழக்கம். "பழக்கந்தான் தம்பி, வேறென்ன." வேட்டையைக் குற்றம் என்று ஒப்புக்கொள்ளச் சொன்ன மொழி, வேட்டையில் விளைந்த அறிவை அறிவு என்று சொல்ல அவருக்கு ஒரு வார்த்தையும் கொடுக்கவில்லை. குற்றத்தோடு சேர்த்து அறிவையும் 'முன்னாள்' ஆக்கிவிட்டது.

அந்த இரவில் எங்களுக்குக் கிடைத்த 'காட்சி' என்றால் சில ஜோடிக் கண்கள். டார்ச் அடித்தார், தூரத்தில் பச்சையும் மஞ்சளுமாகப் பளிச்சென்று மின்னின. மிளாக் கூட்டம். எல்லோருக்கும் சிலிர்ப்பு. இரவாடிகள் பலவற்றுக்கும் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியடிக்கிற ஒரு படலம் உண்டு. கிடைக்கிற கொஞ்சம் வெளிச்சத்தை இரண்டு முறை பயன்படுத்திக்கொள்கிற ஏற்பாடு. நாம் பார்க்கிற அந்த மின்னல், நாம் அடித்த டார்ச் வெளிச்சம் திரும்பி வருவது. ஜான் பெர்ஜர் மிருகங்களை ஏன் பார்க்கிறோம் என்று ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். மிருகக்காட்சிசாலையில் நாம் மிருகத்தைப் பார்க்கிறோம், அது நம்மைப் பார்ப்பதில்லை, மனிதனும் மிருகமும் பார்த்துக்கொண்ட பார்வை அங்கே அணைந்துவிட்டது என்பது அவர் வாதம். இரவு நடை அந்த வாதத்தைத் தாண்டியது என்று விளம்பரம் சொல்லும், கூண்டு இல்லையே. ஆனால் எங்களுக்குத் திரும்பி வந்தது எங்கள் வெளிச்சம். இருட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஒரே ஆள், வெளிச்சம் தேவைப்படாத ஒரே ஆள், வழிகாட்டி.

இங்கேதான் எழுத்தாளர்களோடு எனக்கு வழக்கு. கடந்த இருபது வருஷமாகத் தமிழில் காட்டுப் பயணக் கட்டுரை என்று ஒரு வகை தழைத்திருக்கிறது. சூழலியல் எழுத்து என்று மரியாதையாகச் சொல்கிறோம். நல்ல மனசு, நல்ல தகவல். அவற்றில் பாதியில் வழிகாட்டி ஒரு வேற்றுமை உருபு மாதிரித்தான் வருகிறார்: "வழிகாட்டியோடு சென்றோம்", "வழிகாட்டியால் அடையாளம் காட்டப்பட்டது". செயப்பாட்டு வினைக்குள் ஒளிந்துபோய்விடுகிறார். மிருகத்தைக் கண்டது எழுத்தாளர், அதிர்ந்தது எழுத்தாளர், அறிவியல் பெயர் சொன்னது எழுத்தாளர். இடையில் ஒரு இரவு முழுக்கக் கேட்டுக் கேட்டு நடத்திக்கொண்டு போனவருக்கு வாக்கியத்தில் எழுவாய் ஆகிற தகுதி இல்லை. எழுவாயாக வருகிற ஒரே இடம் அவர் தன் குற்றத்தைச் சொல்கிற பத்தி.

இது புதுப் பழக்கமும் இல்லை. மேகமலை என்று நாம் சொல்கிற ஹைவேவிஸ் மலையில் 1948இல் ஆங்கஸ் ஹட்டன் என்கிற தேயிலைத் தோட்டக்காரர் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்து பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். சாதாரண வௌவால் என்று சீட்டு ஒட்டப்பட்டு அது இழுப்பறையில் கிடந்தது. கிட்டி தொங்லொங்யா என்கிற தாய்லாந்து அறிஞர் எடுத்துப் பார்த்து, இது உலகத்துக்கே புதிது என்று கண்டு, 1972இல் சலீம் அலியின் பெயரை அதற்கு வைத்தார். லாட்டிடென்ஸ் சலீமலியை. மற்றப் பழந்தின்னி வௌவால்களை எலியோடும் காக்கையோடும் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்த அதே வனவிலங்குச் சட்டத்தில், இந்த ஒன்று முதல் அட்டவணைக்கு ஏறியது. அருமையான கதை, எனக்குப் பிடித்த கதை. பிடித்தவர், கண்டறிந்தவர், பெயர் கொடுத்தவர் என்று மூன்று பேர் இருக்கிறார்கள். மலையில் இருந்தவர்கள் அதை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள், சாதாரண வௌவாலிலிருந்து பிரித்துப் பார்த்தார்களா என்று கேட்கிற ஒரு கட்டம் அந்தச் சீட்டில் இருந்ததில்லை.

கம்பத்தில் உட்கார்ந்து இதை எழுதும்போது இன்னொரு இரவையும் ஒதுக்கிவிட முடியாது. இரவாடிகளைப் பார்க்க இங்கே பலருக்கு டிக்கெட் தேவையில்லை. திராட்சைத் தோட்டத்துக்கும் சோளக்காட்டுக்கும் அவை தாமாகவே வரும். மலையடிவாரத்தில் காவலுக்குப் படுப்பவர், தகரத்தைத் தட்டிக்கொண்டு, வெடியைக் கொளுத்திக்கொண்டு, பன்றியையும் யானையையும் விரட்டுகிறார். தூக்கம் கெட்ட அந்தக் காவலை யாரும் அனுபவம் என்று விற்பதில்லை. அகநானூற்றின் 102ஆம் பாட்டில், கானவன் கள்ளின் மயக்கத்தில் இருக்க, கொடிச்சி பாடிய குறிஞ்சிப் பண்ணைக் கேட்டு, தினை தின்ன வந்த யானை தின்னாமல் நின்று தூங்கிப்போகிறது. 2023 மே 27 அன்று கம்பம் தெருக்களுக்குள் வந்த அரிக்கொம்பனுக்குப் பாட யாரும் இல்லை. சின்னக்கானலில் பிடித்துப் பெரியார் காட்டில் விட்டது கேரளம். அது நடந்து வந்து சேர்ந்தது எங்களூருக்கு. ஒருவர் செத்தார், 144 போட்டார்கள், ஜூன் 5 அன்று மயக்க ஊசி போட்டுக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். அப்போது ரோட்டோரம் செல்போனோடு நின்ற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, பார்வை எப்படிப் பழக்கப்படுத்தப்பட்டிருக்கிறது என்பது விளங்கியிருக்கும்.

2022 செப்டம்பரில் பெரியகுளம் பக்கத்தில், செல்வாக்குள்ள ஒருவரின் நிலத்து வேலியில் சிறுத்தை மாட்டிச் செத்தது. முதலில் கைதானவர் அந்த நிலத்தில் ஆட்டுக்கிடை போட்டிருந்தவர். 2023 அக்டோபர் கடைசியில் இன்னும் மோசம். கூடலூரை ஒட்டிய வண்ணாத்திப்பாறைக் காட்டில், இரவில், குள்ளப்பகவுண்டன்பட்டிக்காரர் ஒருவர் வனத்துறையின் துப்பாக்கிக்குப் பலியானார். வேட்டைக்கு மின்கம்பியோடு வந்தார், பிடிக்கப் போனபோது கத்தியால் தாக்கினார் என்பது வனத்துறை சொன்னது. ஊர்க்காரர்கள் ஏற்கவில்லை, போராடினார்கள். உண்மை எதுவோ, என் வாதத்துக்கு அது தேவைப்படவில்லை. வண்ணாத்திப்பாறையும் தேக்கடியும் ஒரே மலையின் இரண்டு பக்கம். ஒரு பக்கம் துப்பாக்கி, இரவில் நடப்பவனுக்குத் துணையாக வருகிறது. இன்னொரு பக்கம் அது எதிரே வருகிறது. இடையில் இருப்பது ஒரு நுழைவுச்சீட்டு.

அதே வண்ணாத்திப்பாறையில்தான் மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. 1963இல் சி. கோவிந்தராசனார் இதுதான் கண்ணகி கோட்டம் என்று அடையாளம் கண்டார். வருஷத்துக்கு ஒரு நாள், சித்ரா பௌர்ணமிக்கு, ஜனங்களை மேலே விடுவார்கள். பளியன்குடி வழியாக நாங்கள் நடந்து ஏறியிருக்கிறோம். விடிந்ததும் ஏற வேண்டும், பொழுது சாயுமுன் இறங்கிவிட வேண்டும். பௌர்ணமித் திருவிழா, ஆனால் நிலாவைப் பார்க்க ஒருவரும் அங்கே இருக்க மாட்டார்கள். புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிற கோயில், விதி விதிதான், ஆயிரக்கணக்கில் ஆட்கள் ராத்திரி தங்கினால் காடு தாங்காது. ஒத்துக்கொள்கிறேன். சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தை இந்த மலையில் வைத்து யோசித்தால் வேறொன்று தோன்றுகிறது. வேங்கை மரத்து நிழலில் நின்ற கண்ணகியைக் கண்டவர்கள் குன்றக் குறவர். அவர்கள் போய்ச் சொல்லித்தான் செங்குட்டுவனுக்கே தெரியும். அதற்குப் பிறகு இமயம், கல், கங்கை நீராட்டு, கோயில் என்று காண்டம் முழுக்க ராஜாவின் கையில். கண்ட சாட்சிகள் தங்கள் வேலையை முடித்துவிட்டுக் கதையிலிருந்து நழுவிப்போகிறார்கள். வழிகாட்டியைச் செயப்பாட்டு வினைக்குள் தள்ளுகிற வித்தையை நம் பயணக் கட்டுரையாளர்கள் கண்டுபிடிக்கவில்லை, காப்பியத்திலிருந்தே வருகிறது.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2002இலிருந்து குமுளிப் பக்கத்துப் பெண்கள் வசந்த சேனா என்று கூட்டமாகச் சேர்ந்து, கூலி வாங்காமல், பெரியார் காட்டுக்குள் ரோந்து போனார்கள். பாராட்டாத பத்திரிகை இல்லை. அவர்கள் நடந்தது பகலில். தினைப்புனத்தில் கிளி ஓட்டியதும் பகல்தான். பழைய பாட்டில் இரவின் ஆபத்து பற்றி நிறையப் பேசுகிறவள் தோழி, ஆனால் இரவில் நடக்கிறவன் தலைவன். பேச்சு அவளுக்கு, நடை அவனுக்கு என்ற பங்கீடு ஈராயிரம் வருஷமாக மாறவில்லை. சம்பளம் இல்லாத பகல் பெண்ணுக்கு, வருமானம் உள்ள இரவு ஆணுக்கு என்று பெரியாரிலும் அது தொடர்ந்ததைச் சூழல் பெண்ணியம் பேசுகிறவர்கள் யாராவது எழுத வேண்டும்.

தமிழ்நாட்டுப் பக்கம் வேறு மாதிரிப் போனது. 2018 மார்ச் 11 குரங்கணித் தீயில் மலையேறப் போனவர்கள் 23 பேர் மாண்டபின் விதிகள் இறுகின. 2021இல் மேகமலையும் திருவில்லிபுத்தூரும் சேர்த்து ஆயிரம் சதுர கிலோமீட்டர் சொச்சத்துக்குப் புலிகள் காப்பகம் வந்தது. 2022இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர்ப் பக்கத்து 11,806 ஹெக்டேர் தேவாங்குக்கென்றே சரணாலயம் ஆனது. 'தேவாங்கு மாதிரி முழிக்கிறான்' என்று ஏசிக்கொண்டே இருந்த ஒரு மொழிக்கு இது கௌரவமான பரிகாரம். 2024 அக்டோபரில் ட்ரெக் தமிழ்நாடு என்று 40 வழித்தடங்களை அரசே திறந்தது, பழங்குடி இளைஞர்களை வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்தது. 'முன்னாள்' என்கிற அடைமொழி அங்கே இல்லை என்பதை நான் ஒரு முன்னேற்றமாகவே பார்க்கிறேன். ஆனால் 'பயிற்றுவித்தது' என்கிற வினைச்சொல் என்னை உறுத்துகிறது. யார் யாருக்கு?

2025 நவம்பரில் கார்பெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் புலிகள் காப்பகங்களில் இரவுச் சுற்றுலா கூடாது என்று சொல்லிவிட்டது. இரவாடிகளைப் பொறுத்தவரை சரியான தீர்ப்பு. அவற்றுக்கு நம் டார்ச்சும் வேண்டாம், சிலிர்ப்பும் வேண்டாம். ஜீப்பையும் விளக்கையும் மனதில் வைத்து எழுதப்பட்ட அந்த வரி, நடையையும் அதில் பிழைத்தவரையும் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பது தனிக் கணக்கு. சுற்றுலாவைத்தான் கோர்ட்டு நிறுத்தச் சொன்னது, காவலை இல்லை. காவலுக்கு அதே ஜாமத்தில் அதே ஆட்கள்தான் நடக்க வேண்டும். அப்போது கதை கேட்கக் குடும்பங்கள் இருக்காது, குற்றத்தைச் சிரித்துச் சொல்ல வேண்டிய அவசியமும் இருக்காது. அந்த நடைக்கு என்ன கூலி, எந்தப் பதவிப் பெயர், இறந்தால் குடும்பத்துக்கு என்ன என்பதைத்தான் இனிக் கேட்க வேண்டும். சூழல் ஆர்வலர்கள் அமைச்சருக்குக் கொடுக்கிற மனுக்களில் புலிக்கு ஒரு பத்தி, மரத்துக்கு ஒரு பத்தி வருகிறது. இதற்கும் ஒரு பத்தி சேர்க்கலாம்.

என் பங்குக்கு, கூடலூர், குமுளி, வருசநாடு பக்கம் இரவில் காவலும் ரோந்தும் போனவர்களிடம் சொற்களைச் சேகரித்துக்கொண்டிருக்கிறேன். மிருகங்களின் பெயர் ஓரளவு கிடைத்துவிட்டது: மிளா, கூரன், மரநாய், பக்கி, கூகை. கூரனும் சருகுமானும் ஒன்றா என்று இரண்டு பேர் என் முன்னாலேயே சண்டை போட்டார்கள், அதையும் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். கிடைக்காமல் இருப்பது சத்தங்களின் பெயர். காட்டுமாடு நம்மை மோந்துவிட்டு விடுகிற மூச்சுக்கு ஒரு தனிச் சொல் இருக்கிறது என்று வருசநாட்டில் ஒருவர் சொன்னார், சொல் என்னவென்று அவருக்கு ஞாபகம் வரவில்லை. அவருடைய அண்ணனுக்குத் தெரியுமாம். தை கழிந்ததும் போகிறேன். வேறு மலைகளில் இருக்கும் நண்பர்கள் இப்படிக் கேட்டிருந்தால் பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள்.